லிஃப்ட்டிலிருந்து மூன்று தொடர்புகள்

மனிதனை மனிதனோடு இணைக்கும் பணியில் எங்கள் வானொலிச் சங்கத்துக்கு நிகரான அமைப்பு இந்தப் பூமியில் இல்லை. இதை நானாகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு நாங்களே தீர்மானம் கொண்டுவந்து, நாங்களே கை தட்டி, ஏகமனதாக நிறைவேற்றினோம்.

நாங்கள் இணைக்கும் வேகத்தைப் போட்டி நாளில் பார்க்க வேண்டும். காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இடையில் எத்தனை நிலையங்களோடு, அதாவது எங்களைப் போல் வானொலிக் கருவி வைத்துப் பேசுபவர்களோடு, பேசுகிறோமோ அத்தனை புள்ளி. 'பேசுவது' என்றால் வளவளவென்று அல்ல. எதிர்முனையில் இருப்பவர் தன் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்வார். நாங்கள் "ஐந்து ஒன்பது" என்போம். ஐந்து என்றால் நீங்கள் சொல்வது முழுக்கப் புரிகிறது. ஒன்பது என்றால் உங்கள் அலை வெகு வலுவாக வருகிறது. அவரும் எங்களுக்கு ஓர் ஐந்து ஒன்பது தருவார். நன்றி, அடுத்தவர். எதிர்முனையில் தகரத்தை ஆணியால் கீறுவது போல மட்டுமே கேட்டாலும் ஐந்து ஒன்பதுதான். "ஐந்து ஒன்பது! உங்க குறியை இன்னொரு தரம் சொல்லுங்க, ஒண்ணுமே விளங்கலை" என்று எங்கள் தலைவர் சொல்லும்போது அந்தப் பெருந்தன்மையில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

தலைவர் பல் டாக்டர். எதிரில் இருப்பவர் வாயைத் திறந்தபடி பதில் சொல்ல முடியாமல் கிடக்கையில் உரையாடியே பழகியவர். இந்தப் போட்டிக்கென்றே பிறந்தவர். செயலாளர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர்; விதிப்புத்தகம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். நான் பதிவேடு எழுதுபவன். நான்காமவர் எலக்ட்ரீஷியன். மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டுவது, வயர் இழுப்பது, ஃபியூஸ் போடுவது போன்ற முக்கியமில்லாத வேலைகளையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வதால், முக்கியமான வேலைகளுக்கு நாங்கள் மூவரே போதும்.

அன்று விடுமுறை. எங்கள் அறை இருக்கும் ஆறு மாடி அலுவலகக் கட்டடத்தில் எங்களையும் காவலாளியையும் தவிர ஈ காக்காய் இல்லை. வானொலியில் இரைச்சல் வரும் என்பதால் கைபேசிகளை அணைத்து ஓர் அட்டைப்பெட்டியில் போட்டிருந்தோம். இரண்டு மணிக்கு எலக்ட்ரீஷியன் எழுந்தார்.

"தலைவரே, நான் கிளம்புறேன். பொண்ணுக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, இன்னைக்குப் போறா. மூணு வருஷம் லீவு கிடையாதாம். ஏர்போர்ட் போற அஞ்சு மணி பஸ்ல ஏத்தி விடணும்."

"போட்டி நடக்கிறப்பவா?" என்றார் தலைவர்.

"ஆறு மணிக்கு மேல வேற பஸ் இருக்கான்னு விசாரிச்சீங்களா?" என்றார் செயலாளர், மிகுந்த அக்கறையோடு.

எலக்ட்ரீஷியன் கிளம்பிவிட்டார். அவசரத்தில் கைபேசி பெட்டியிலேயே தங்கிவிட்டது. கையடக்க வானொலி மட்டும் வழக்கம்போல் இடுப்பில் இருந்தது. லிஃப்ட் நான்காவது மாடியைத் தாண்டும்போது மின்சாரம் போய்விட்டது.

சுவரில் இருந்த உள்தொலைபேசி அடித்தது. காவலாளி.

"சார், ஜெனரேட்டர் சின்னது. லிஃப்ட்டுக்குப் போட்டா உங்களுக்கு வராது, உங்களுக்குப் போட்டா லிஃப்ட்டு ஓடாது. எதுக்குப் போடட்டும்?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாப்பா?" என்றார் தலைவர். எங்கள் அறையில் விளக்கெரிந்தது. வானொலி உயிர் பெற்றது. அதில் முதலில் வந்த குரல் எலக்ட்ரீஷியனுடையது.

"தலைவரே, லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டேன். கேக்குதா?"

"ஐந்து ஒன்பது!"

செயலாளர் துள்ளி எழுந்தார். "சங்க அறைக்கு வெளியில இருக்கார். கையடக்கக் கருவி. இவரைக் கணக்குல சேர்த்துக்கலாம், அதுவும் இரட்டைப் புள்ளி!"

நான் எழுதினேன். மணி இரண்டேகால்.

"புள்ளி கெடக்குது தலைவரே! ஜெனரேட்டரை லிஃப்ட்டுக்கு மாத்தச் சொல்லுங்க. ரெண்டே நிமிஷம், இறங்கிடுவேன்."

"நன்றி. அடுத்தவர்."

நாங்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. உடனே அவசரக் கூட்டம் கூட்டினோம். இரண்டு நிமிடம் வானொலி நின்றால் ஆறு தொடர்புகள் போகும் என்று நான் அறிக்கை சமர்ப்பித்தேன். ஒரே நிலையத்தை மணிக்கு ஒருமுறை மீண்டும் கணக்கில் சேர்க்கலாம் என்ற உட்பிரிவைச் செயலாளர் கண்டுபிடித்தார். "மூணேகாலுக்கு அவரையே இன்னொரு தடவை எடுக்கலாம். இறங்கிப் போயிட்டார்னா யாரை எடுக்கிறது?" லிஃப்ட்டில் இருக்கும் உறுப்பினரின் மனவுறுதியைப் பாராட்டி ஒரு தீர்மானம் நிறைவேறியது. கூட்டம் கலைந்தது.

மூன்றேகால்.

"டாக்டர், பொண்ணு பஸ் ஸ்டாண்டுல நின்னு வழியைப் பாத்துக்கிட்டிருப்பா. அப்பா வரலைன்னு நெனச்சுக்கிட்டே போயிடுவா. உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கில்ல?"

"ஐந்து ஒன்பது. ரொம்பத் தெளிவா இருக்கு. நன்றி, அடுத்தவர்."

சற்று நேரத்தில் காவலாளி மறுபடி அழைத்தார். "லிஃப்ட்டுக்குள்ள யாரோ தட்டுற மாதிரி இருக்கு சார்."

"தெரியும். அவரோட தொடர்புலதான் இருக்கோம்" என்றார் செயலாளர். விஷயம் படித்தவர்கள் கையில் இருக்கிறது என்று காவலாளி நிம்மதியாகப் போனை வைத்தார்.

நாலேகாலுக்கு எலக்ட்ரீஷியனின் தொண்டை கட்டியிருந்தது. மணி என்ன என்று மட்டும் கேட்டார். ஐந்து ஒன்பது என்றோம். போட்டி விதிகளில் அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை என்றாலும் தலைவர் மணியையும் சொன்னார்.

அதற்குப்பின் அவர் வேறு அலைவரிசைக்குத் திருப்பியிருக்கிறார். நாலு தெரு தள்ளி எங்கள் எதிர்ச் சங்கம். அங்கே மைக்கில் உட்கார்ந்திருந்தவர் ஒரு டீச்சர். போட்டியின் அரிச்சுவடியே அறியாதவர். அந்த அம்மாள் என்ன சொன்னார் தெரியுமா?

"மூன்று இரண்டு. சரியா கேக்கலைங்க. பதறாம மெதுவா சொல்லுங்க. எங்க இருக்கீங்க?"

போட்டி நடுவில் ஒருவரைப் பார்த்து எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பதா! அதோடு விடவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். பிறகு தாமே ஸ்கூட்டரில் வந்து நின்றார். தீயணைப்பு வீரர்கள் கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தபோது மணி ஐந்தாக ஐந்து நிமிடம். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, டீச்சரின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்.

பஸ் கிளம்பியிருந்தது. துரத்திப்போய், ஊருக்கு வெளியே அடுத்த நிறுத்தத்தில் பிடித்திருக்கிறார்கள். பஸ் அங்கே நின்றது இரண்டு நிமிடம். அவர் ஜன்னல் கம்பி வழியாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எங்களுக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் ஆறு தொடர்புகள். அவர் எடுத்தது ஒன்றே ஒன்று.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் முதலிடம். மேடையில் பேச வேண்டியதைத் தலைவர் எழுதியே வைத்துவிட்டார். அப்போதுதான் போட்டிக் குழுவின் கடிதம் வந்தது. எல்லாருடைய பதிவேடுகளையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். "உங்கள் பதிவேட்டில் லிஃப்ட் நிலையத்தோடு மூன்று தொடர்புகள் உள்ளன. அவர் அனுப்பிய பதிவேட்டில் இருப்பது ஒரே வரி: டீச்சர், மூன்று இரண்டு. எனவே நீங்கள் அவரைக் கேட்டதாகக் கொள்ள இயலாது. ஆறு புள்ளிகள் ரத்து."

மூவரும் எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனோம். ஏதோ ஒரு கடையில் ஏணிமேல் நின்று மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது அநியாயம்! மூணு தடவை பேசினோமே?" என்றார் தலைவர்.

"நீங்க பேசினது எனக்குக் கேட்டுச்சு. நான் பேசினது உங்களுக்குக் கேக்கலைன்னு நெனச்சேன்." ஸ்க்ரூவைத் திருகி முடித்தார். "அந்த டெஸ்டரைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க டாக்டர்."

எங்கள் காதுகளின் மானத்துக்கே வந்த சோதனை இது. விடுவோமா? அன்றே மேல்முறையீடு எழுதினோம். போட்டி முழுவதையும் ஒலிப்பதிவு செய்வது எங்கள் வழக்கம். அதன் பிரதியை இணைத்திருக்கிறோம். எந்தெந்த நிமிடத்தில் அவர் கதவைத் தட்டுகிறார், எங்கே மகளைப் பற்றிச் சொல்கிறார், எங்கே குரல் உடைகிறது என்று ஓரத்தில் குறித்தும் கொடுத்திருக்கிறேன். அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு மிகத் தெளிவாகக் கேட்டது என்று உறுதிகூறி மூவரும் கையெழுத்திட்டிருக்கிறோம். எங்களுக்குக் கேட்கவில்லை என்று மட்டும் இனி எவரும் சொல்லிவிட முடியாது.