இருமல் நடத்துநரின் வரைபடம்

பிறருடைய இருமலைப் பெருஞ்செல்வமெனப் போற்றியவர் இப்பாருலகில் ஒருவரே. எண்பதுகளில் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி செல்லும் தனியார் பேருந்தின் நடத்துநர் அவர். நாள்தோறும் அதில் பள்ளிக்குச் சென்ற நானும் அவருடைய இயற்பெயரை அறியேன். ‘இருமல் கண்டக்டர்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

பருத்தி எடுத்து முடிந்ததும் வழிநெடுகக் காய்ந்த பருத்திச்செடியான மார் எரியும்; கருவேலங்காடுகளில் விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் புகையும். புகை எழும் இடத்தை எவரும் அறிவர். அதை மூச்சில் வாங்குவோர் யாவர் என்பதே அவரது ஆராய்ச்சி. பேருந்தின் உட்கூரையில் வழித்தடத்தைக் கோடாக வரைந்திருந்தார். எந்த ஊரார் இருமினாலும் அவ்வூருக்கு நேரே கரித்துண்டால் ஒரு புள்ளி விழும்.

விளைவு, ஊர்கள் போட்டியில் இறங்கின.

“ஏன் கண்டக்டரண்ணே, திருச்சுழிக்காரவுகதான் இருமுவாகளா? நாங்கல்லாம் இருமத் தெரியாதவுகளா?” என்று ஒருவர் தொண்டையைச் செருமினார்.

“இது கள்ள இருமல். கணக்குல சேராது. உக்காருங்க!” என்று தீர்ப்பளித்தார் நடத்துநர்.

புள்ளிகள் மிகுதியாக மொய்த்தது, பால்வாடி ஒன்று இருந்த, ஊர்ப்பாதை பிரியும் விலக்கில். அங்கே சின்னஞ்சிறு குழந்தைகள் மூச்சிரைத்தனர். அவ்விடத்தில் எரிப்பதைத் தடுக்குமாறு அவர் விடாது மன்றாடவே, பேருந்திலேயே வந்து நேரில் காண்பதாக வட்டாட்சியர் இசைந்தார்.

அங்கே கரிமூட்டம் போட்டுவந்தவர் சும்மா இருப்பாரா? “இருமுற ஊருன்னு பேரு வாங்கிட்டா ஒங்க பயலுகளுக்கு எவுக பொண்ணு குடுப்பாக?” என்று பரப்பிவிட்டார்.

வட்டாட்சியர் ஏறிய அன்று பேருந்து புகைக்குள் புகுந்தது. ஒருவரும் இருமவில்லை. கண்கள் பிதுங்கின, கன்னங்கள் பூசணியாய் உப்பின. பெரியவர் ஒருவர் துண்டைக் கடித்துக்கொண்டே வட்டாட்சியரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“என்னய்யா, எல்லாரும் நல்லாத்தான இருக்காங்க?” என்றார் வட்டாட்சியர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியபடி.

மறுமொழி கூற வாய் திறந்தார் நடத்துநர். வந்தது சொல்லன்று, இருமல். படிக்கட்டுக் கம்பியைப் பற்றி, முதுகு வளைய, விடாது இருமினார்.

“ஆத்தி! அண்ணனுக்குத் தண்ணி குடுங்க!” என்று கூவிய பெண்ணும் இருமினாள். அடுத்த கணம் ஊர்மானம் மறந்து பேருந்தே இருமிற்று. வட்டாட்சியரின் கைக்குட்டையும் தோற்றது.

பால்வாடியருகே எரிப்பதற்குத் தடை வந்தது. அதன்பின் ஒருநாள் கூரையை அண்ணாந்து நோக்கினேன். போகையிலும் வருகையிலும் எல்லா ஊர்ப் புகையையும் விழுங்கியவர், தமக்கென ஒரு புள்ளியும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் பின்னிருக்கையில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தபோது கரித்துண்டை எடுத்தேன். அவர் வழக்கமாக நிற்கும் படிக்கட்டுக்கு மேலே ஒன்று வைத்தேன், சற்றே பெரிதாக.