மோட்டார்சைக்கிள் இல்லாத குடும்பம்

கோம்பாக் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும், மோட்டார்சைக்கிளோடு ஒட்டிய சைட்காருக்குள் தாம்பாளத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்த சீதாலெட்சுமி மூன்றாம் முறையாகச் சொன்னாள்:

"இதுல போறதுக்கு, போகாமலே இருந்திருக்கலாம்."

"வாடகைக் கார்க்காரன் காய்ச்சல்னு படுத்துட்டான். நான் என்ன பண்றது?" என்றார் வண்டியோட்டிய அவள் புருஷன் கன்னையா. "பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டு வாசப்படி மிதிச்சாகணும்."

"அவங்க கண்ணுல இந்த வண்டி பட்டா, வாசப்படியோட திரும்ப வேண்டியதுதான்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கிள்ளானிலிருந்து மகள் சந்திரகலாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக் கொல்லையில் முழங்கை வரை கிரீஸோடு மோட்டார்சைக்கிளுக்கு அடியில் படுத்திருந்த கன்னையாவைக் கண்டார்கள். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் தலைமைக் கிராணி என்று சொல்லியும் நம்பவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள்.

அதனால், பெந்தோங் தோட்டத்துக் கிராணி ரெங்கசாமியின் மகனுக்குச் சந்திரகலாவைக் கேட்டுக் கடிதம் வந்தபோது, பதில் கடிதத்தைச் சீதாலெட்சுமியே சொல்லி எழுத வைத்தாள். 'எங்கள் குடும்பத்தில் குடி, சூது, மோட்டார்சைக்கிள் ஆகிய எந்தப் பழக்கமும் கிடையாது.' இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் பொய்க்குக் கையெழுத்துப் போட்டறியாத கன்னையா, முதல் முறையாக அதில் போட்டார்.

ரெங்கசாமி உடனே எழுதியிருந்தார்: 'மெத்த மகிழ்ச்சி. அந்தச் சனியனுக்கு எங்கள் வீட்டிலும் இடமில்லை. வீடு பார்க்க வாருங்கள்.'

வளைவுக்கு வளைவு மூடுபனி விலகியது. பாறையில் அருவி வழிந்தது. கன்னையா தன்னை மறந்தார்.

"தொள்ளாயிரத்துப் பதிமூணுல வாங்கினோமே, முதல் வண்டி, ஞாபகமிருக்கா? சங்கிலி கிடையாது, தோல் பட்டைதான். மழையில பட்டை வழுக்கினா, பிடிப்புக்குக் குங்கிலியப் பொடி தூவி இதே மலையை ஏறினேன்!"

"பொடி தூவினது நீங்க. தள்ளினது நான். கல்யாணமாகி ரெண்டாவது மாசம்."

கன்னையா அதற்கப்புறம் பாதையை மட்டும் பார்த்தார்.

பதினெட்டாம் கல்லில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மிச்சமிருந்த இடைவெளியில் வண்டியை எப்படியோ நுழைத்துக் கொண்டுபோனார். தோட்டத்துக்கு அரை மைல் இருக்கும்போது, அடர்ந்த மூங்கில் புதருக்குள் அதைத் தள்ளி மறைத்தார்கள்.

"முகத்தைத் துடைங்க. ஒரே செம்மண்."

கைக்குக் கிடைத்த துணியால் துடைத்தார். அது எண்ணெய்த் துணி. செம்மண் கறுப்பானது. ஓடைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். கறுப்பு போயிற்று, மோட்டார்சைக்கிள் கண்ணாடி அழுத்திய இரண்டு சிவப்பு வளையங்கள் மட்டும் கண்ணைச் சுற்றிப் பளிச்சென்று நின்றன. சீதாலெட்சுமி விபூதியைக் குழைத்துக் கன்னம் வரைக்கும் பூசிவிட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"பழனிக்குப் போற மாதிரி இருக்கு. நடங்க."

ரெங்கசாமி வாசலுக்கே வந்து கும்பிட்டார். விபூதியைப் பார்த்ததும் இன்னும் பணிந்து கும்பிட்டு, உள்ளே உட்கார வைத்தார்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்ல."

"இன்னிக்குப் பஸ் வரலியே? பதினெட்டாம் கல்லுல மண் சரிஞ்சுடுச்சாம்."

"ஆமா, அதுவரைக்கும் பஸ்ல. அப்புறம் லோரில," என்றாள் சீதாலெட்சுமி.

"யாரு லோரி?"

"சீனரு லோரி. முட்டைக்கோஸ் லோரி," என்றார் கன்னையா.

"முட்டைக்கோஸா? அந்தக் கொண்டை வளைவுல பாரத்தோட எப்படித் திருப்பினான்? அங்க ரெண்டாம் கியருக்கு எறக்கி, ஒடம்பை உள்பக்கமாச் சாய்ச்சு..." ரெங்கசாமி இருமினார். "அப்படின்னு ஆளுங்க பேசிக்குவாங்க."

பேச்சை மாற்றினால் போதுமென்று சீதாலெட்சுமி அவசரமாகத் தாம்பாளத்தை நீட்டித் துணியை விலக்கினாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம். நடுவில், ஓடைக்கரையில் முகம் கழுவும்போது கழற்றித் தாம்பாளத்தில் போட்ட மோட்டார்சைக்கிள் கண்ணாடி.



கன்னையா எழுந்து நின்றார். "பஸ் பொய். லோரி பொய். முட்டைக்கோஸும் பொய். என்கிட்ட மோட்டார்சைக்கிள் இருக்கு. அதுலதான் வந்தோம். தப்பு என்னோடது. எம்பொண்ணுக்கு இதுல ஒண்ணும் சம்பந்தமில்ல. வர்றோம்."

ரெங்கசாமி கண்ணாடியை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"உட்காருங்க," என்றார் கடைசியில். "பொய் சொன்னது தப்பு. ஒத்துக்கிட்டது பெரிய மனசு. ஆனா எங்க குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு. அந்த வண்டியை வித்துடணும்."

கன்னையா மனசுக்குள் எண்ணினார். தோல் பட்டை வண்டி, அதற்கப்புறம் வந்த ஒற்றைச் சிலிண்டர், இப்போது இது. சந்திரகலாவின் முகத்தை நினைத்துக்கொண்டார்.

"வித்துடறேன்."

"அப்போ இலை போடச் சொல்றேன். கை நனைங்க."

கை நனைத்தால் சம்பந்தம் முடிந்த மாதிரி. கன்னையா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை விழுங்கியபோது, கோம்பாக்கிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. சீதாலெட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதிர் இலையில் ரெங்கசாமி, மன்னித்தவருக்குரிய கம்பீரத்தோடு அப்பளத்தை நொறுக்கினார்.

அப்போது தோட்டக்காரன் பக்கிரிசாமி கொல்லைக் கதவில் தலையை நீட்டினான்.

"கிராணியய்யா, விருந்தாளிங்க கண்ணுல படாம மறைச்சு வைக்கச் சொன்னீங்கல்ல, உங்க மோட்டார்சைக்கிளு, அதை மூங்கில் புதருக்குள்ள ஒண்ணுதான் விட்டேன், இப்ப ரெண்டு நிக்குதுங்களே!"