பிரெஞ்சுக்காரன் சொன்ன வரி

பிரிக்பீல்ட்ஸ் பிரெஞ்சு மேடத்திடம் சிக்கிய எந்த மேற்கோளும் முழுசாக வீடு திரும்பியதில்லை.

சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து, பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பது அவர் தொழில். பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் எல்லாம் சாதுவாக முடித்துக் கொடுப்பார். "ஒரு பிரெஞ்சு அறிஞர் சொன்னார்" என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் சாமி வந்துவிடும். ஷா ஆலம் கல்யாண விருந்து ஒன்றில் வாழ்த்திப் பேச வந்த தலைவர் அப்படித்தான் ஆரம்பித்தார். பிரியாணித் தட்டோடு எழுந்து நின்றார் மேடம்.

"யாரு சொன்னாங்க பாஸ்? எந்த புக்கு?"

தலைவர் தண்ணீர் குடித்தார். அப்படியே உட்கார்ந்தும் விட்டார். பேச்சு சீக்கிரம் முடிந்த சந்தோஷத்தில் மண்டபமே கைதட்டியது.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் அப்பாவின் வரியோடு போய் நின்றேன். கிள்ளானில் அப்பாவின் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். நாங்கள் சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்தும்போதெல்லாம் அப்பா ஆங்கிலத்தில் ஒன்று சொல்வார்: 'கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறவன் திரும்பி வரலாம்.' கூடவே, "நான் சொல்லல, பிரெஞ்சுக்காரன் சொன்னான்" என்பார். அந்த வரி பிரெஞ்சிலேயே கல்லில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம்.

"இங்கிலீஷ்ல இருக்கே, அப்படியே திருப்பிப் போடுங்களேன் மேடம்" என்றேன்.

"அது என்னோட பிரெஞ்சு லா! அந்த ஆளோடது வேணாமா?"

வாரக்கணக்கில் தேடினார். பாரிஸ் நூலகங்களுக்கு எழுதினார். வயதான பாதிரியார்களைப் போனில் பிடித்து உலுக்கினார். எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் கொமுட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்கே வந்து, அம்மா எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் பிரெஞ்சுக்காரன் வேற என்னல்லாம் சொன்னான்க்கா?"

அம்மா யோசித்தார். "நெறைய சொல்வான் லா. சம்பால்ல உப்பு கம்மின்னுகூட அவன்தான் சொன்னான்னு சொல்வாரு."

மேடம் கோப்பியைக் கீழே வைத்தார். "அக்கா, எல்லாமே உங்க வீட்டுக்காரர் சொந்தமா சொன்னது."

அம்மாவின் முகம் வாடிவிட்டது. "அப்ப இத்தன வருஷமா எங்கிட்ட பொய்யா சொன்னாரு?"

கல்லுக்கு வரி தேடப் போய், அம்மாவுக்கு அப்பாவையே சந்தேகமாக்கிவிட்டோமே!

மேடம் கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியைப் பிரெஞ்சில் முணுமுணுத்தார். ஒரு சொல்லை மாற்றி மறுபடி முணுமுணுத்தார். பிறகு பாரிஸில் இருக்கும் தெரிந்த பிரெஞ்சுக் கிழவர் ஒருவரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அந்த வரியைச் சொல்லச் சொன்னார். தூக்கக் கலக்கத்தில் இருந்த அந்த மனிதர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"கேட்டீங்களா? இப்ப பிரெஞ்சுக்காரன் சொல்லிட்டான். உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டாரு, அவ்வளவுதான்."

அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான். நான் மேடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்பேர்ப்பட்ட மனுஷி!

கல்லில் அந்த வரி பிரெஞ்சில் இருக்கிறது. சொன்னவர் என்று அப்பாவின் பெயர். அங்கே போகும்போதெல்லாம் மேடத்துக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், இருந்தாலும் ஏற்றுகிறேன்.