ஆறு மிளகு போண்டா

முதலாளி கல்லாவில். மருந்துக் கம்பெனிக்காரர் மூலை மேசையில். ஐசோடோப்பு என்று நாங்கள் கூப்பிடும் வாலிபன், அவனுக்கு எதிரே அவன் அப்பா. சமைக்கவும் பரிமாறவும் நான். ரயிலடிப் பக்கத்து மெஸ்ஸில் அன்று இவ்வளவு பேர்.

மதுரையில் பி.யூ.சி. கெமிஸ்ட்ரியில் பெயிலானவர்கள் நிறைய. பெயிலாகி, அதைப் போண்டாவுக்குள் தேடியவன் அவன் ஒருவன்தான்.

அப்பாவுக்குச் சமயநல்லூரில் செங்கல் சூளை. "இதுதான்டா கடைசி. இந்தத் தடவையும் போச்சுன்னா சூளைக்கு வந்து மண்ணு மிதி" என்றார். சூளை என்றாலே அவனுக்கு முகம் செத்துப்போகும்.

அவர் போனதும் அடுப்படிக்கு வந்தான். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் அவனுக்கு மண்டையில் நிற்கும். அடுப்பை விட்டு ஓட முடியாத ஆள் நான்தான்.

"அண்ணே, போண்டாவுக்கு ஆறே மிளகு போடுங்க. மிளகுதான் புரோட்டான். ஆறு இருந்தா அது கார்பன்."

"தேங்காச் சில்லு?"

"அது நியூட்ரான். ஆறு போட்டாலும் கார்பன்தான், எட்டு போட்டாலும் கார்பன்தான். எடை மட்டும் கூடும். அதுதாண்ணே ஐசோடோப்பு."

தினமும் சொன்னான். நின்று நின்று எனக்குக் கால் வீங்கியிருக்கும். தினமும் கேட்டேன்.

ஒருநாள் எட்டுச் சில்லு போட்ட போண்டா எண்ணெயில் வெடித்தது. குதித்தான். "பாத்தீங்களா! கார்பன் பதினாலு நிலைக்காதுண்ணே, செதஞ்சிரும்!"

"எண்ணெ போச்சேடா" என்றார் முதலாளி.

இன்னொரு நாள், பாதி பிய்த்த போண்டாவோடு வந்தான். "ஏழு மிளகு கெடக்கு. இது நைட்ரஜன். மாத்திக் குடுங்கண்ணே."

மாற்றிக் கொடுத்தேன். வாதாடத் தெம்பில்லை.

"அந்த நைட்ரஜன இங்கிட்டுத் தள்ளு மாப்ள" என்றார் மருந்துக் கம்பெனிக்காரர்.

பரீட்சைக்குப் போனான். முதல் கேள்வியே ஐசோடோப்பு, சிறுகுறிப்பு வரைக. விடுவானா? மூன்று மணி நேரமும் அதையே எழுதினானாம். கூடுதல் தாள் கேட்டுக் கேட்டு வாங்கினானாம். போண்டாவைக் குறுக்கே வெட்டிப் படம் வேறு. மற்றக் கேள்விகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஏன்டா தம்பி?"

"பாதியில விட மனசு வரலண்ணே."

ரிசல்ட் வந்தது. அப்பாவும் வந்தார். மெஸ் மாடியில் அவன் தங்கியிருந்த அறையிலிருந்து டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். திட்டக்கூட இல்லை. அவன் வாசலில் தலையைத் தொங்கப்போட்டு நின்றான்.

யார் விஷயத்திலும் வாய் திறக்காத நான், கரண்டியும் கையுமாக வெளியே வந்தேன்.

"அய்யா, எழுதுன கேள்விக்கு முழு மார்க்கு வாங்கியிருக்கான்."

அவர் நின்றார். "எம்புட்டு?"

"அஞ்சு."