அயர்லாந்து அம்மாவின் முழுப் பேர்

நாகலெட்சுமியின் தேயிலைக் கொழுந்துப் பை பாதிகூட நிறையவில்லை. அதற்குள் கணேசமூர்த்தி கண்டாக்கு மேலே ரோட்டில் நின்று கையாட்டிக் கூப்பிட்டார். மலையில் பறிப்பு வேலையை மேற்பார்க்கிற அதிகாரி அவர்தான். உடனே லயத்து வீட்டுக்குப் போய்ப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வர வேண்டுமாம்.

"கொழுந்து பறிக்கப் புதுச் சேலை எதுக்குங்க ஐயா?"

"அயர்லாந்துலருந்து டீவி வருது. ஒன்னையத்தான் படம் புடிக்கப் போறாங்க."

"அப்ப எனக்குப் பேரு?"

"ஒலகம் பூரா பேரு வரும். போ."

நாகலெட்சுமி கேட்டது அந்தப் பேரை அல்ல. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பறித்த எடை சரியாக இருந்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். நாளைக்கு நுவரெலியாவில் அவள் மகள் நிலக்ஷி மாகாணப் போட்டியில் ஓடுகிறாள். பார்க்கப் போக லீவு கேட்டதற்கு, இன்றைக்கு முழுப் பேர் விழுந்தால்தான் லீவு என்று கண்டாக்கு காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டிலேயே சொல்லிவிட்டார்.

அதே பெரட்டில்தான் படம் பிடிக்க வரும் அயர்லாந்து அம்மாவின் பெருமையையும் அளந்தார். பேர் மொரீனாம். முதலில் நாய் ஓட்டம், பிறகு குதிரை ஓட்டம், அப்புறம் கால்பந்து என்று டீவியில் பேசிப் பேசியே வளர்ந்தவராம். அந்த ஊர்க் குழந்தைகள் அவர் குரலைக் கேட்டால்தான் சாப்பிடுமாம். வாழ்நாள் முழுக்க ஓடுகிறவர்களைப் பற்றிப் பேசியவர், ஒரு நாளும் ஓடியதில்லை. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கண்டாக்கு ஐயாவும் இன்றுவரை ஒரு கொழுந்து பறித்ததில்லை.

ஹட்டன் டிரைவர் ரிஸ்வியின் வேன் வந்து நின்றது. அம்மா இறங்கினார். பின்னால் உள்ளங்கை அகலக் கேமராவோடு அவருடைய அக்கா மகன் இறங்கினான். வேறு யாரும் இறங்கவில்லை.

"இம்புட்டுத்தானா டீவி?" என்றாள் பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பேச்சியம்மா.

டீவி பெரிதாகப் பெரிதாகக் கேமரா சிறிதாகும் என்று கண்டாக்கு விளக்கினார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

முதல் தொல்லை, நாகலெட்சுமியின் கை வேகம் கேமராவில் விழவில்லையாம். மெதுவாகப் பறிக்கச் சொன்னார்கள். மெதுவாகப் பறித்தாள். பை நிறையவில்லை. அதைச் சரிக்கட்ட கண்டாக்கு ஒரு யோசனை கண்டுபிடித்தார். பெண்களையெல்லாம் வரிசையாக விட்டுப் பந்தயம் வைக்கலாம், அம்மா குதிரை ஓட்டத்துக்குப் பேசுகிற மாதிரி பேசட்டும்.

அம்மா பேசினார். அந்தச் சத்தத்தில் பெண்கள் பறிப்பதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பந்தயம் கெட்டது. திரும்ப எடுக்க வேண்டும் என்றான் அக்கா மகன். ஆனால் செடியில் கொழுந்து இல்லை. பறித்ததை எடுத்துச் செடி மேல் வைத்து மறுபடியும் பறிக்கச் சொன்னார் கண்டாக்கு. பாதி சரிந்து தண்ணீர் வடியும் கானுக்குள் விழுந்தது.

"பறிச்ச கொழுந்தச் செடிக்கே திருப்பிக் குடுத்த மொத ஆளு நீதான்டி," என்றாள் பேச்சியம்மா.

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. மத்தியானச் சோற்றையும் விட்டுவிட்டு, சேலை கிழியக் கிழிய, கேமரா இல்லாத பக்கமாகப் போய்ப் பறித்தாள். எடை போடும் கொழுந்து மடுவத்துக்கு வரும்போது பை கனத்திருந்தது. மகள் ஓடுவது கண்ணில் தெரிந்தது.

அங்கே கடைசித் தொல்லை காத்திருந்தது. படத்துக்காக அம்மாவும் ஒரு பையில் பறித்திருந்தார், அதையும் நிறுத்துக் காட்ட வேண்டுமாம். அதில் முற்றிய இலையும் காம்பும் ரத்தம் குடிக்கும் ஓர் அட்டையும் இருந்தன. கண்டாக்கு அதைக் கொட்டிவிட்டு நாகலெட்சுமியின் பையை வாங்கி அதற்குள் கவிழ்த்தார்.

"சும்மா படத்துக்குத்தான். இப்பவே திருப்பித் தாரேன்."

தராசில் வைத்தார்கள். அம்மா கையைத் தூக்கி ஆடினார். கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் பழக்கத்தில் அந்த எடையை அம்மா கணக்கில் முழுப் பேராக எழுதிவிட்டார். கொழுந்து லொறியில் ஏறிவிட்டது. நாகலெட்சுமியின் பையில் அடியில் ஒட்டியிருந்ததுதான் மிச்சம். காலையிலிருந்து படத்துக்கு நின்றாளே என்று இரக்கப்பட்டுத்தான் அரைப் பேராவது போட்டார்கள்.

"ஐயா, அது எங்கொழுந்துங்க. எம்மக ஓடுறதப் பாக்கணும்ங்க," என்று அழுதாள்.

கண்டாக்கு தொப்பியைச் சரிசெய்தார். எழுதினது எழுதினதுதான் என்றார். தோட்டத்துச் சட்டத்தைத் தன்னால் மாற்ற முடியாது என்றும், வெளிநாட்டு விருந்தாளி முன்னால் அழுது மானத்தை வாங்க வேண்டாம் என்றும் சொன்னார்.

"முழுப் பேரு யாருக்கோ அவங்களுக்குத்தான் லீவு. இன்னைக்கு முழுப் பேரு அந்தம்மாவுக்கு. நாளைக்கு லீவும் அந்தம்மாவுக்குத்தான்."

தன் பகிடிக்குத் தானே சிரித்தார். வேன் கதவில் சாய்ந்து, கொழும்பிலிருந்து அம்மாவின் கதையையெல்லாம் கேட்டுக்கொண்டே வந்த ரிஸ்வி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப அந்த லீவ இந்த அக்காவுக்கே குடுத்துருங்க ஐயா," என்றான். "அந்தம்மாவுக்கு டீவிக்காரங்க போன வருஷமே ஒரேயடியா லீவு குடுத்துட்டாங்க."