நடந்து வந்த புன்னை

பூட்டுக்காரர் அன்று சபதமே எடுத்துவிட்டார். படுக்கையறை ஜன்னலை ஒட்டிய வாசல் மூலையில் அவருடைய பட்டறைக் கொட்டகைதான் வரும். மனைவி வாங்கி வந்த புன்னை மரம் வராது.

"கடலோரத்துக்குன்னே பொறந்த மரங்க. உப்புக்காத்துக்கு அசராது. வேர் புடிச்சுட்டா தண்ணி இல்லாட்டியும் வாடாது. வருஷம் பூரா பச்சை, கொத்துக்கொத்தா வெள்ளைப் பூ."

"எதுக்கும் அசராத ஆளு இந்த வீட்டுக்கு நான் ஒருத்தன் போதும்."

மனைவி எதிர்த்துப் பேசவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். நெஞ்சளவுக் கன்றைத் தொட்டியோடு கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டாள்.

மறுநாள் விடிந்தபோது தொட்டி கேட்டுக்கு உள்ளே நின்றது. வாசல் மணலில் ஒரு கீறல் இல்லை. ஒரு காலடி இல்லை.

"நீ நகர்த்தினியா?"

"நானா? வாளி தூக்கவே என் இடுப்பு ஒத்துழைக்கல."

தொட்டியை வெளியே தள்ளிவிட்டு, தன் கையால் செய்த பூட்டைக் கேட்டில் மாட்டினார். அதைத் திறக்க இனிமேல்தான் ஒருவன் பிறந்து வர வேண்டும்.

அடுத்த காலை பூட்டு பூட்டியபடியே தொங்கியது. மரம் நடுவாசலில் நின்றது. காற்று துளிகூட இல்லை. ஆனாலும் இலைகள் மெல்ல ஆடின, யாரோ இப்போதுதான் கையெடுத்த மாதிரி.

"வழி தெரிஞ்சுதான் வருது," என்றாள் மனைவி, காய் நறுக்கியபடியே.

"எ... எங்க வருது?"

"நீங்க படுக்கிற பக்கம்தான்."

அன்று அவர் தொட்டியைத் தொடவேயில்லை. அதற்கடுத்த காலை கண் விழித்தால், அறையே பச்சையாக இருந்தது. தாழ்வான ஜன்னலின் கம்பிக்குள் ஒரு கிளை நுழைந்து, அவர் தலையணையில் தானும் தலை வைத்திருந்தது.

துள்ளியெழுந்தவர் கடப்பாரையோடு வெளியே ஓடினார்.

"ஐயோ, வெட்டப் போறீங்களா?"

"வெட்டறதா? நட்டுத் தொலைக்கிறேன்! மண்ணுல காலை ஊன்றிட்டா அப்புறம் எப்படி நடக்கும்?"

அந்த மூலையிலேயே குழி தோண்டி, நட்டு, மண்ணை மிதித்து, மூச்சு வாங்க நிமிர்ந்தார். மனைவி ஒரு பழைய சாக்கை அவர் முன்னால் போட்டாள்.

"அப்பாடா! இதுல வச்சு இழுத்து இழுத்து இடுப்பே போச்சு."

"மணல்ல தடமே இல்லையேடி!"

"வாசல் பெருக்கறது யாரு?"

"என் பூட்டு?"

"சாவி உங்க சட்டைப்பையில. சட்டை துவைக்கிறது யாரு?"

பூட்டுக்காரர் கடப்பாரையை மறுபடி ஓங்கினார்.

"தாராளமா பிடுங்குங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "ஆனா, நான் நடுவாசல் வரைக்கும்தான் இழுத்தேன்."

கடப்பாரை மெதுவாகக் கீழே இறங்கியது. பூட்டுக்காரர் ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து, மரத்தின் முன் குனிந்து, "எவ்வளவுங்க ஊத்தட்டும்?" என்று கேட்டார்.