பூமயிலின் உச்சந்தலையும் அரசுக் குழாயும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த சாதனை, சென்ற மாதம் சாயல்குடி பக்கத்துக் கிராமம் ஒன்றில் எங்கள் ஒன்றிய அலுவலகம் நடத்திய 'முடி உதிர்வு மற்றும் காயங்கள் ஆய்வு முகாம்'. அதில் படிவம் நிரப்பும் பெரும்பொறுப்பு என்னுடையது.

படிவத்தில் முடி உதிரும் காரணங்கள் பதினொன்று அச்சாகியிருந்தன. பரம்பரை, கவலை, பொடுகு, இறுக்கிப் போட்ட ஜடை, செல்போன் என்று ஒரு தலைக்குத் தேவையான எல்லாமே இருந்தன. பன்னிரண்டாவது காரணம் உலகில் இல்லை என்பது மேலிடத்தின் முடிவு.

முதல் ஆளாகப் பூமயில் வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை.

"எப்படிம்மா ஆச்சு?" என்றேன்.

"தண்ணிக்கொடந்தான் சார். ரெண்டு கிலோமீட்டர் ஊத்துக்குப் போயிச் சொமந்துட்டு வாரேன். சும்மாடு வச்ச எடத்துல முடி தேஞ்சு போச்சு. போன வாரம் ஊத்துக்குழியில விழுந்து கையும் ஒடைஞ்சிருச்சு."

"கொடம் படிவத்துல இல்லையேம்மா. பொடுகுன்னு போடட்டுமா?"

"வேணாம் சார். கொடம் சொமந்து வந்ததுன்னு டாக்டர் சீட்டு வேணும். திங்கக்கெழமை மனுவோட குடுத்தாத்தான் தண்ணி விடுவாகளாம். இப்ப எம்மக சிநேகாதான் சொமக்கிறா. பத்தாவது படிக்கிற பிள்ள. அவ தலையும் இப்படி ஆயிரும் சார்."

எனக்கு மனசு கனத்தது. ஆனால் கணினிக்கு மனசு கிடையாது. பூமயில் வீட்டுக்கு இரண்டு வருடம் முன்பே குழாய் கொடுத்தாகிவிட்டது என்றது அது. ஆதாரத்துக்குப் புகைப்படமும் காட்டியது. குழாயைப் பிடித்தபடி பூமயில் சிரிக்கிறார், தலை நிறைய முடி. படம் எடுத்தவன் நான்தான்.

"அதுல தண்ணி வரலையா?"

"நீங்க படம் எடுக்கையில ரெண்டு சொட்டு வந்துச்சு சார். இப்ப ஆடு கட்டிருக்கேன்."

உடனே 'உயர்மட்ட ஆய்வுக் குழு' கூடியது. தலைவர் வேல்சாமி படத்தையும் பூமயில் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குழாய் போடறப்ப முடி இருந்திருக்கு. போட்ட பிறகு போயிருக்கு. அப்ப குழாய்த் தண்ணிதான்யா காரணம்" என்றார்.

அப்படியோர் அறிவை நான் அத்தனை பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தண்ணீரே வரவில்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். பதவி உயர்வுப் பட்டியல் வரும் நேரம் என்பதால் கொட்டாவியாக மாற்றிக்கொண்டேன்.

மறுநாளே 'பொதுநலன் கருதி' குழாயைப் பிடுங்க உத்தரவு வந்தது. ஆளோடு நானே போனேன். பூமயில் ஒற்றைக் கையால் ஆட்டை அவிழ்த்து வேலியில் கட்டினார். குழாய் ஐந்து நிமிடத்தில் கழன்று வந்துவிட்டது. பிடுங்கியதற்கும் புகைப்படம் வேண்டுமே என்று செல்போனை நீட்டினேன்.

"குழி பக்கத்துல வந்து நில்லுங்கம்மா."

பூமயில் நகரவில்லை. தலையில் குடத்தோடு வந்துகொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்து, குழியோரம் நிறுத்தினார்.

"இவள எடுங்க சார். இன்னும் முடி இருக்கு. அடுத்த முகாமுல வச்சுப் பாக்க ஒங்களுக்கு ஒரு படம் வேணும்ல?"